நடுவில் உள்ளதை மறைத்தால்

கேரள எல்லையை ஒட்டிய பாறசாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள மாடி அறையில், அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நான் ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். கீழே பப்ஸ் வெந்து வாசனை மேலே ஏறும் நேரத்தில் எவர் தலையிலும் எதுவும் ஏறாது. அதனால் எழுவாயும் வினையும் பொருந்துகிற பாடத்தைக் காலையிலேயே முடித்துவிடுவேன். அதில் நான் சொல்லித்தருவது ஒரே ஒரு வேலைதான். வாக்கியத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து மறைத்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் மட்டும் படிக்க வேண்டும்.

கேள்வித்தாள் போடுகிறவர்களுக்கு ஒரு குசும்பு உண்டு. 'மாம்பழக் கூடை' என்று ஆரம்பிப்பார்கள். அதோடு வந்த வாழைக்குலைகள், தேங்காய்கள், அவற்றைச் சுமந்து வந்த ஆட்கள் என்று பாதிச் சந்தையை நடுவில் கொண்டுவந்து இறக்குவார்கள். கடைசியில் 'இஸ்'ஸா 'ஆர்'ரா என்று அப்பாவி மாதிரிக் கேட்பார்கள். நம் கண்ணோ பக்கத்தில் நிற்கிற சுமையாட்களைப் பார்த்து 'ஆர்' என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடிவிடும். கையை வைத்துச் சந்தையை மறைத்தால் மிஞ்சுவது கூடை மட்டும்தான். கூடை ஒன்று, ஆகவே 'இஸ்'.

அர்த்தம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் கேள்விகளும் உண்டு. கோயிலுக்கு நடந்துபோகையில் மழை பிடித்துக்கொண்டது என்பதை அப்படியே ஆங்கிலத்தில் அடுக்கினால், குடை எடுத்துக்கொண்டு மழைதான் கோயிலுக்கு நடந்துபோனது என்று ஆகிவிடும். ஒவ்வொரு வகுப்பிலும் இதற்குச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவைப்பேன், சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

இந்த உள்ளங்கை வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கம்பைன் ஸ்டடியில் வந்தது. எங்கள் பக்கத்தில் அரசு வேலைக்குப் படிக்கிறவர்கள் தனியாக உட்கார்ந்து படிப்பதில்லை. ஒரே வேலைக்கு அடித்துக்கொள்ளப் போகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கேள்வி கேட்க மற்றவர்கள் பதில் சொல்லிப் படிப்பார்கள். எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்லித்தந்து, உன்னை எனக்கு முன்னால் ஏற்றிவிடுகிற ஏற்பாடு. வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியாது.

நாங்கள் மூன்று பெண்கள். எங்களுக்குள் ஊரே பேர். என் ஊர் கொல்லயில், அதனால் நான் கொல்லயில். என்னைவிட நன்றாக இளையவள் ஒருத்தி பெருங்கடவிளை. இன்னொருத்தி துணிக்கடை வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்த பாலராமபுரம். எங்கள் கிறிஸ்தவ சபையின் ஓய்வுநாள் பள்ளி அறைதான் இடம். வாரநாட்களில் அது காலியாகக் கிடக்கும். பாலராமபுரத்துக்காரி நெற்றியில் சந்தனக்குறியோடு பத்துக் கட்டளைப் பலகைக்கு நேர் கீழே உட்காருவாள். கடைசியில் அந்தப் பத்தையும் என்னைவிட ஒழுங்காக வரிசையாகச் சொல்கிறவள் அவள்தான் என்று ஆனது.

கணக்கு பெருங்கடவிளைக்கு. பொது அறிவு பாலராமபுரத்துக்கு. ஆங்கிலம் என் பொறுப்பு. எழுவாய் என்றால் 'ஆளு', வினை என்றால் 'வேல' என்று வைத்துக்கொண்டோம். ஆள் ஒன்றென்றால் வேலையும் ஒன்றுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். சொல்ல எளிது. எங்களுக்கு அது ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் நாளானது. பெருங்கடவிளைக்காரி படித்தது மலையாளம் மீடியம். மலையாள வினைக்கு யார் செய்தார்கள் என்ற கவலையே கிடையாது. நான் வந்தாலும் அவன் வந்தாலும் ஊரே திரண்டு வந்தாலும் 'வந்நு' என்று ஒரே சொல். அதனால் அவள் யாரைப் பார்த்தாலும் 'இஸ்' போட்டாள். நான் படித்தது தமிழ். வந்தேன், வந்தாள், வந்தார்கள் என்று செய்தவரின் வால் வினையில் தொங்கிக்கொண்டே இருக்கும். எனக்கு வேறு கோளாறு. வாக்கியத்தில் அப்பாவோ போதகரோ வந்துவிட்டால் 'ஆர்' போட்டுவிடுவேன். ஆள் ஒருவர்தான் என்று தெரியும். ஆனால் பெரியவர்களுக்கு 'இஸ்' போட எனக்குக் கை கூசியது. மரியாதைக்கு மார்க் கிடையாது என்று பாலராமபுரத்துக்காரி கேலி பண்ணுவாள்.

என் கணவர் மினிலாரி ஓட்டினார். அதிகமும் செங்கல் லோடு. காலையில் என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். வேலை கிடைத்தால் வண்டிக்கு லீவு கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் நாங்கள் 'ஆளு, வேல' பார்த்துக்கொண்டிருக்கும்போது கொழுந்தன் போன் செய்தான். நல்ல பையன், நேராக விஷயத்துக்கு வரத் தெரியாதவன்.

"மைனி, அண்ணனுக்கு லோடு இறக்கும்பம் ஒரு சின்ன தளர்ச்ச, பின்ன நாங்க வண்டியில ஏத்தி மெடிக்கல் காலேஜுக்குப் போற வழியில ஒரு ஆஸ்பத்திரியில காட்டினோம், டாக்டர்மாரு எல்லாம் பார்த்தாச்சு, கூட ஆளு உண்டு, நீங்க பேடிக்காண்டாம், வீட்டுக்குப் போங்க, பாஸ்டர் அங்க வாறாரு."

என் வலது கை புத்தகத்தின் மேல் ஏற்கெனவே இருந்தது. ஒரு வாக்கியத்தின் நடுவை மறைத்துக்கொண்டிருந்தது. அவன் சொன்னதிலும் நடுவை மறைத்துப் பார்த்தேன். அண்ணன், பாஸ்டர் வாறாரு. அவ்வளவுதான் மிஞ்சியது. போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த கேள்வியை வாசித்தேன். மற்ற இரண்டு பேரும் பதிலும் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களிடம் சொன்னேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள், வராமல் பிறகு வந்தவர்கள், வழியில் பார்த்தவர்கள் என்று எல்லோரும் என்ன ஆயிற்று எனக் கேட்டார்கள். எல்லோருக்கும் 'மரிச்சு போயி' என்று மலையாளத்திலேயே சொன்னேன். தமிழ் மட்டும் பேசுகிறவர்களிடமும் அப்படித்தான். அந்த வினையில் அவர் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். தமிழில் சொன்னால் போயிட்டாரு என்று கடைசியில் அவரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நான் யோசித்துச் செய்ததில்லை. நாக்கு தானாக வசதியான பக்கம் போனது. எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது, தூக்கம் வந்தது, முடி நரைத்தது. மாமியார் அழுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஜங்ஷனில் அவருக்கு 'ஆதராஞ்சலிகள்' என்று ஒரு பிளக்ஸ் வைத்தார்கள், லாரிக்காரர்கள் சேர்ந்து. கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவிலிருந்து என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். தோளில் என் விரல் நுனி மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் ஊரில் பிளக்ஸ் வைக்க ஆள் உண்டு, எடுக்க ஆள் கிடையாது. மாதக்கணக்கில் அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நின்றேன். பிறகு ஒரு காற்றில் கயிறு அறுந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய் வேலியோரம் அடுக்கிவைத்திருந்த ரப்பர் விறகுக்கு மூடாக்குப் போட்டார். மரியாதை தெரிந்த மனிதர். முகம் உள்பக்கமாக இருக்கும்படி திருப்பிப் போட்டு, ஓரத்தில் செங்கல் வைத்திருந்தார். வெயில் சரிந்து அடிக்கும்போது பிளக்ஸின் வெள்ளைப் பின்பக்கம் வழியாக என் கணவரின் முகம் இடவலம் மாறித் தெரியும். நான் தினமும் அதைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. விறகு நனையாமல் இருப்பது நல்லது என்றுகூட ஒரு முறை நினைத்தேன்.

என்னைத் திரும்பப் படிக்க அழைத்துப்போனது அவர்கள் இரண்டு பேரும்தான். காலையில் வீட்டுக்கே வந்து, புடவை மாற்றச் சொல்லி, நடுவில் நிறுத்திக் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று இருந்ததா என்று கேட்டால் தெரியாது. வேண்டும் என்று அவர்கள் இரண்டு பேரும் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயது வரம்புக்குள் நான் எழுதக்கூடிய கடைசித் தேர்வு அது. அதை நினைவில் வைத்திருந்ததும் அவர்கள்தான். தேர்வு அன்று நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, ஆங்கிலக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் உள்ளங்கை வைத்துப் பதில் போட்டேன். ஒன்றுகூடத் தப்பாகவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கும் சந்தோஷப்படவில்லை.

ராங்க் லிஸ்ட் வந்தது. பாலராமபுரத்துக்காரியின் பேர் இல்லை. பெருங்கடவிளையும் நானும் இருந்தோம். அவள் எனக்கு நேர் முன்னால். அவளைவிட நான் கணக்கில் பின்னால் இருந்தேன், ஆங்கிலத்தில் நான் சொல்லித்தந்ததால் அவள் என்னோடு சமமாக இருந்தாள். அப்படித்தான் அந்த ஒரு படி அவளுக்குக் கிடைத்தது. மூன்று பேரும் சேர்ந்து பாயசம் குடித்தோம்.

லிஸ்டில் பேர் வந்தால் வேலை கிடைத்தது என்று அர்த்தமில்லை. காலியிடம் வரவர மேலிருந்து கூப்பிடுவார்கள். லிஸ்டுக்கு ஆயுள் உண்டு, அது முடிந்தால் மிச்சம் உள்ளவர்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதான். இதற்கிடையில் முன்னால் இருக்கிற சிலருக்கு வேறு அரசு வேலை கிடைத்திருக்கும். அவர்கள் 'எனக்கு இது வேண்டாம்' என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தால் பின்னால் நிற்பவருக்கு வழி கிடைக்கும். இதற்கு ரிலிங்குவிஷ்மென்ட் என்று பெயர், எங்கள் பக்கத்தில் படிக்காதவர்களுக்கும் வாயில் சுத்தமாக வரும் ஆங்கிலம் அது. லிஸ்டின் கடைசி மாதங்களில் பின்னால் உள்ளவர்கள் கூட்டமாக முன்னால் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போவார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் போய் உட்கார்ந்து, உங்களுக்கு வேண்டாததை எங்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்பார்கள். ஒரு முறை நானும் மற்றவர்களோடு ஒரு ஸ்கூல் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் சாயாவும் பிஸ்கட்டும் தந்து, இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள், போனில் சொன்னால் போதுமே என்று வருத்தப்பட்டுவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மாதிரி மனிதர்களால்தான் என் முறை நெருங்கி வந்தது.

லிஸ்ட் முடியப்போகிற மாதம் ஒரே ஒரு காலியிடம் வந்திருப்பதாகத் தெரிந்தது. முறைப்படி அது பெருங்கடவிளைக்கு. ஆனால் அவள் இன்னொரு தேர்வு எழுதி, இதே மாதிரி ஒரு கிளார்க் வேலையில் ஏற்கெனவே சேர்ந்திருந்தாள். போஸ்டிங் மாநிலத்தின் மறுகோடியில், காசர்கோட்டில்; இந்தக் காலியிடமோ எங்கள் பக்கத்திலேயே. அவள் எழுதிக் கொடுத்தால் இந்த இடம் எனக்கு. கொடுக்காவிட்டால் எனக்கு இனி எந்த லிஸ்டும் இல்லை. அவள் லீவில் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பாலராமபுரத்துக்காரி வந்து நின்றாள். புடவை மாற்றச் சொன்னாள். நான் மாற்றினேன்.

பெருங்கடவிளைக்காரி வராந்தாவில் உட்கார்ந்து, ரயிலுக்குக் கொண்டுபோக நேந்திரங்காய் வறுவலை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய சின்னப் பெண், தன்னை வளர்க்கிற பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தது. சாயா வந்தது. பாலராமபுரத்துக்காரி மழையைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினாள். காசர்கோட்டுச் சாப்பாடு, ரயிலில் கூட்டம், என் மாமியாரின் முட்டுவலி, காலம் கெட்டுக் கிடப்பது, ஒருத்தர் ஒருத்தருக்கு உதவுவது என்று ஒரு பெரிய சந்தையை இறக்கிக்கொண்டே போனாள். நான் வறுவல் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருங்கடவிளைக்காரி அவளை நிறுத்தவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நடுவ மறைச்சிட்டு விஷயத்த செல்லுங்க," என்றாள்.

அவளே சொன்னாள்.

"எனக்கு இந்த வேல வேணும்க்கா. எனக்க பிள்ள என்ன சேச்சின்னாக்கும் விளிக்குது. மாசத்துக்கு ஒருக்கா வாறவள பின்ன எப்பிடி விளிக்கும்?"

பாலராமபுரத்துக்காரி சாயா கிளாஸைக் கீழே வைத்தாள். பெருங்கடவிளைக்காரி என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கும் வேணும்ன்னு எனக்குத் தெரியும். ஆனா இவ செல்லக் கூடாது. நீங்க செல்லணும். எனக்கு வேணும்ன்னு ஒருக்கா வாய தொறந்து செல்லுங்க, நான் ஆலோசிக்கேன். சத்தியமாட்டு ஆலோசிக்கேன்."

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. நான் சொல்லியிருந்தால் அவள் யோசித்திருப்பாள், ஒருவேளை எழுதியும் கொடுத்திருப்பாள். நான் வாயைத் திறந்தேன். உள்ளே தேடிப் பார்த்தேன். வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. இல்லாததைச் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அந்தப் பெண்குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்குச் சளி உண்டா?" என்று கேட்டேன்.

பெருங்கடவிளைக்காரி தலைகுனிந்து டப்பாவை மூடினாள். பாலராமபுரத்துக்காரி பஸ் ஸ்டாப் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பஸ் ஏறும்போது, நீங்கள் ஒரு கல்லாக்கும் அக்கா, என்றாள். அவளுக்கு அழுகை வந்திருந்தது. எனக்காக அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கு அப்போதும் ஒன்றும் இல்லை. அதுதான் முதல் முறையாகப் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் பெருங்கடவிளைக்காரிக்கு உத்தரவு வந்தது. லிஸ்ட் முடிந்தது. இப்போது அவள் தினமும் வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போய்வருகிறாள், பிள்ளை அம்மா என்று கூப்பிடுகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல, அன்று மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்ததை.

வெயில் சரிந்திருந்தது. பக்கத்து வீட்டு வேலியோரம் வந்தபோது விறகின் மேல் அவர் முகம் தெரிந்தது, எப்போதும் போல இடவலம் மாறி. மடிப்பு விழுந்து ஒரு கண் மட்டும்தான் தெளிவாக இருந்தது. தோளில் என் விரல் நுனி. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் முற்றத்திலிருந்து கவனித்துவிட்டு எழுந்துவந்தார். என்ன மக்கா, ஏதாவது வேணுமா என்று கேட்டார். அவர் சும்மா கேட்டதுதான். யாரைப் பார்த்தாலும் கேட்பதுதான்.

"இது எனக்கு வேணும்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பிளக்ஸைக் காட்டினேன். முகம் கறுத்துப்போய், கீழே கிடந்ததுதானே, வீணாகப் போக வேண்டாமென்றுதான் எடுத்தேன், நான் கேட்டிருக்கணும் என்று ஏதேதோ சொன்னார். என் குரல் ஏன் இவ்வளவு உயர்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

"அவரு போயிட்டாரு. இது எனக்கு வேணும்."

சொன்னபிறகுதான் கேட்டது, தமிழில் சொல்லிவிட்டேன் என்று. அவர் மறுபேச்சுப் பேசாமல் செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். பிளக்ஸ் விறகோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு பேரும் ஓரத்திலிருந்து மெல்ல உரித்தோம். மடித்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடாமல் நின்றேன். அவர் மனைவியைச் சத்தம் போட்டு அழைத்தார். அந்த அம்மா வந்து என்னை வேலியோரமே உட்காரவைத்துத் தண்ணீர் தந்தார். நான் அழுதேன். அவருக்காகவும், வேலைக்காகவும், பெருங்கடவிளை வராந்தாவில் என் வாயில் வராமல் போனதற்காகவும் சேர்த்து, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதேன். வேலை எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்தது. போனை எடுத்துப் பெருங்கடவிளைக்காரியின் நம்பரைப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் மூக்கு நினைவுக்கு வந்தது. போனை மடியில் வைத்துவிட்டேன்.

பிளக்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாமியார் என்ன ஆயிற்று என்று கேட்டார். கிடைக்காது என்றேன். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு விறகு முழுக்க நனைவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தம் வரவில்லை.